இரண்டாவது கார்டு

செவ்வாய்க்கிழமை, வலியசாலை

இன்று ஸ்ரீவராகத்து டீச்சர் வந்தார். ஐம்பதை நெருங்குகிறவர். கதவைத் தாழிட்ட பிறகும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தோளில் ஒரு சாட்டின் துணியை மட்டும் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். இந்த ஊருக்கு வந்து நான் தொடங்கிய பூடுவார் படங்களுக்கு, அதாவது பெண்கள் தமக்கென்று எடுத்துக்கொள்ளும் அந்தரங்கப் படங்களுக்கு, இவர் நாலாவது ஆள்.

எடுத்ததையெல்லாம் கேமராவிலேயே பார்த்தார். கடைசிப் படத்தில் சிரித்திருந்தார். அதை வெகுநேரம் பார்த்தார்.

"போறும்மா, பாத்தாச்சு. எல்லாத்தையும் அழிச்சுடு. ஆத்துல தெரிஞ்சா அவ்வளவுதான், கேட்டியா?"

அவர் கண்ணெதிரிலேயே கார்டை ஃபார்மட் செய்தேன்.

சாயங்காலம்தான் உறைத்தது. என் கேமராவில் இரண்டு கார்டு. திருநெல்வேலியில் கல்யாணம் எடுத்தபோது, தாலி கட்டுவது தவறிவிடக் கூடாதென்று எல்லாம் இரண்டிலும் பதியும்படி வைத்திருந்தேன். இங்கே வந்தும் மாற்றவில்லை. நான் அழித்தது ஒன்றைத்தான்; டீச்சர் முழுக்க இன்னொன்றில் இருக்கிறார்.

சத்தமில்லாமல் அழித்திருக்கலாம். சொல்லிவிட்டு அழிப்பதுதான் நேர்மை என்று தோன்றித் தொலைத்தது. அவசரமாக மெசேஜ் போட்டேன்: "டீச்சர், உங்க படமெல்லாம் இன்னும் என்கிட்ட இருக்கு. பேசணும்."

அனுப்பிய பிறகுதான் படித்துப் பார்த்தேன். மிரட்டிப் பணம் பறிக்கிறவனும் இப்படித்தான் எழுதுவான்.

ப்ளூ டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. நாலாவது தடவை ஓர் ஆண் குரல், "யாரு பேசறது?" என்றது.

சட்டென்று போனை வைத்துவிட்டேன்.

டீச்சர் என் நம்பரை எந்தப் பேரில் போட்டு வைத்திருக்கிறாரோ.