நாலடிச் சந்தில் சைலன்சர்

ஜூன் 3
சுவர் வேலை முடிந்தது. அப்பா காலத்திலிருந்து ஒன்றாக இருந்த பட்டறை இன்று இரண்டு. வெல்டிங் செய்யும் தனசேகர் அண்ணனுக்கு அகலமான பாகம். எனக்கு, கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற சந்து. அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தது அண்ணன்தான், அதனால் பெரிய பங்கு அவருக்கு என்று பேசி முடித்தார்கள். நானும் தலையாட்டினேன். இப்போது புலம்ப என்ன இருக்கிறது?

ஜூன் 6
பைக் உள்ளே போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. வெளியே வைத்து வேலை பார்க்கலாமென்றால் போர்வெல் போடும் ரிக் லாரிகள் ஷட்டரை உரசிக்கொண்டு போகின்றன. இன்று வந்த சைலன்சர் வேலையைத் திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 14
ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. வண்டியை இடப்பக்கச் சுவரோடு ஒட்டி ஸ்டாண்ட் போட வேண்டும். ஃபுட்ரெஸ்டை முதலில் கழற்றினால் கை நுழைய இடம் கிடைக்கிறது. பிறகு வலப்பக்கம், அண்ணன் பாகத்துச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, இஞ்சின் பக்கத்து நட்டுகள் இரண்டு. பின் போல்ட் கடைசியில்தான். அதை முதலில் எடுத்தால் மொத்தப் பாரமும் முன்னால் தொங்கும். பக்கவாட்டில் இழுக்க இடமில்லை, முன்பக்கமாக உருவ வேண்டும். மாட்டும்போது எல்லாவற்றையும் விரலால் முடுக்கிவிட்டு, முன் நட்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கினால் புகை கசியாது.

முதுகுச் சிராய்ப்பை வீட்டில் தேவிப்ரியா பார்த்துவிட்டாள். "ஏனுங்க, உங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?"
என்னவென்று கேட்பது?

ஜூன் 22
அந்தப் பக்கம் நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். நான் இருமினால் நிற்கிறது.

ஜூலை 2
டீக்கடையில் அண்ணன். "மழ வரும்போல இருக்குது" என்றார், கடைக்காரரிடம்.

ஜூலை 11
படுத்துக்கொண்டு எழுதுகிறேன். முந்தாநாள் நடந்தது.

சந்தோஷ்குமார் என்ற ரிக் ஏஜென்ட், ஈரோட்டிலிருந்து பைக்கை நேராக ஓட்டி வந்தார். சைலன்சர் அடியில் ஓட்டை. ஆறட்டும் என்றேன். "சாயந்தரம் பொண்ணு பாக்கப் போகோணுங்க. இந்தச் சத்தத்தோட போயி எறங்க முடியுங்களா?" சிரித்துவிட்டேன். அவர் டீ குடிக்கப் போனார்.

அவர் வண்டி சந்தின் கடைசியில். லாரிகளுக்குப் பயந்து, வெளியே நின்ற மற்ற வண்டிகளையும் அதற்குப் பின்னால் வாசல் வரை தள்ளி வைத்திருந்தேன். முன் நட்டுகள் வந்துவிட்டன. பின் போல்ட் துருவேறி அசையவில்லை. ஸ்பேனரில் பைப் சொருகி இழுத்தேன். வண்டி ஸ்டாண்டை விட்டு இறங்கி என் மேலேயே சாய்ந்து என்னைத் தரையில் தள்ளியது. சுவருக்கும் சைலன்சருக்கும் நடுவில் என் வலது கால். கத்தினேனா? கத்தியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"டேய் குமரகுரு! என்னடா?"
"அண்ணா... வண்டி... காலு சுடுது..."

வாசலுக்கு ஓடி வந்தார். ஒரு வண்டியை எடுக்க அடுத்த வண்டி தடுத்தது. திரும்ப ஓடினார். சுவருக்குப் பின்னாலிருந்து குரல்:
"தல எந்தப் பக்கம் இருக்குது?"
"வாசப் பக்கம்."
"கண்ண மூடிக்க சாமி. அசையாத."

சம்மட்டி அடி. என் கால்மாட்டில் கற்கள் உடைந்து விழுந்தன. ஓட்டை வழியாகக் கடப்பாரை வந்து வண்டியை நெம்பியது. காலை உருவிக்கொண்டேன். தோல் சைலன்சரிலேயே ஒட்டிக்கொண்டது.

ஓட்டைக்குள் அண்ணன் முகம், புருவமெல்லாம் தூசி. "அறிவிருக்குதாடா ஒனக்கு? சுடச்சுட எதுக்குடா கைய வெச்ச? ஒரு கொரல் குடுத்தா வந்து புடிக்க மாட்டனாடா நானு?" திட்டிக்கிட்டே இருந்தாரு. எனக்கு அழுக வந்துருச்சு. வலியிலதான் அழுகறன்னு நெனச்சுக்கிட்டாரு.

ஜூலை 15
எலும்புக்கு ஒன்றுமில்லை, தீப்புண்தான். அண்ணி முட்டை கொடுத்து அனுப்பினார். அண்ணன் வரவில்லை.

ஜூலை 24
பட்டறைக்குக் கொத்தனார் வந்திருப்பதாகத் தேவிப்ரியா சொன்னாள். ஓட்டையை அடைக்கிறார்கள் போல. அடைக்கத்தானே வேண்டும் — வேறு என்ன எதிர்பார்த்தேன்?

ஆகஸ்ட் 5
கட்டுப் பிரித்தார்கள். நேராகப் பட்டறைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினேன். சுவர் இருந்தது. ஆனால் பழைய சுவர் அல்ல. பழையது நின்ற இடத்தில் தரையில் ஒரு சிமெண்ட் தடம் மட்டும் ஓடியது. புதுச்சுவர் அதற்கு அப்பால், அண்ணனுடைய பாகத்துக்குள் இரண்டடி தள்ளி நின்றது.

வெளியே வந்து அவர் பக்கம் எட்டிப் பார்த்தேன். வெல்டிங் மெஷின் உள்ளே கொள்ளாமல் வாசலுக்கு வந்திருந்தது. குனிந்து கேட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஒரு பைக்கை உள்ளே தள்ளி ஸ்டாண்ட் போட்டேன். வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். காலை நீட்டிப் பார்த்தேன். நீட்ட முடிந்தது.