ராணிகள் கட்டிப்பிடிக்கவில்லை

அக்டோபர் 18, சனிக்கிழமை இரவு

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பெரியம்மா மகள் நிலா அக்கா பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறாள். இந்த நோட்டு அவள் கண்ணில் பட்டால் நேராகப் பெரியம்மாவிடம் போய்விடும்.

நாளை தமிழ்ச் சங்கத் தீபாவளி விழாவில் எங்கள் நாடகம். அக்கா இங்கிலாந்து ராணி. நான் அவளிடம் அடைக்கலம் கேட்டு வரும் ஸ்காட்லாந்து ராணி, ஒன்றுவிட்ட தங்கை. நிஜத்தில் அந்தத் தங்கையைப் பத்தொன்பது வருடம் போல் அடைத்து வைத்து, கடைசியில் தலையை வெட்டினார்கள். இன்று ஒத்திகையில் நாடகம் போடும் அங்கிள் முடிவையே மாற்றிவிட்டார்.

"தீபாவளி ஃபங்ஷன்ல தலைய வெட்டறதெல்லாம் வேணாம்மா. 'மன்னிச்சிட்டேன்'னு சொல்லி அக்கா லட்டு ஊட்டட்டும், நீ கட்டிப்பிடிச்சுக்கோ."

"அவங்க ரெண்டு பேரும் நேர்ல பாத்துக்கவே இல்ல அங்கிள்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் அக்கா என் காதருகே சொன்னாள்: "ஓவரா பண்ணாதடி. நாளைக்கு ஒழுங்கா லட்டு வாங்கிக்கோ. இருக்கறது எங்க வீட்ல. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா எங்க போவீங்க?"

டல்லாஸில் அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து சுகர் லேண்ட் ஊரில் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறோம். போக வேறு இடமில்லை.

ஆனால் மன்னிக்கும்படி நான் என்ன செய்துவிட்டேன்? அடைக்கலம் கேட்டது தப்பா? நாளை மேடையில் வாயைத் திறக்க மாட்டேன். மண்டி போட்டுக் கழுத்தை நீட்டுவேன். வெட்டுவதா வேண்டாமா என்று அவள் எல்லோர் முன்னாலும் முடிவு செய்யட்டும்.