இதற்கு முன் இந்தியா வந்ததுண்டா?

ஜூலை 3, 2025, வியாழன்

மகள் ஜெப்சியின் கல்யாணத்துக்குப் பங்குச் சாமியார் நாள் கொடுத்துவிட்டார். செப்டம்பர் 10, புதன்.

மன்னாரில் இருக்கும் ஹெலன் அக்காவுக்கு விசா எடுக்க வேண்டும். விண்ணப்பத்தை நான் இங்கே நிரப்பி அனுப்பினால் அவள் அங்கே விசா ஆபீசில் கொடுப்பாள். போனில் சிரிக்கிறாள். "எடி சந்தனம், அஞ்சாவதோட நிண்டவள் நீ. இங்கிலீசு ஃபாரம் நிரப்பப் போறியோ?"

"படகு லைசென்சு, டீசல் கார்டு, இவரு பேங்க் பேப்பர் எல்லாம் இந்த வீட்டுல யாரு நிரப்புறா?" என்றேன்.

ஜெப்சியின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் அக்காதான். கல்யாண முக்காடும் அக்கா கையால்தான் போட வேண்டும்.

ஜூலை 5, சனி

அஃபீஃபாவின் பிரவுசிங் சென்டர். அவள் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லச் சொல்ல நான் பதில் சொன்னேன். பாதியில் கேட்டாள்: "இதுக்கு முன்னாடி இந்தியா வந்திருக்காகளா?"

இல்லை என்றேன்.

அவள் அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். ஒரு நொடிதான்.

வெளியே வந்து அக்காவிடம் போனில் சொன்னேன். "நீ பேப்பர் எதுவும் இல்லாம படகுல திரும்பிப் போனவ. வந்தேன்னு போட்டா எப்பிடிப் போனன்னு கேப்பாக. விசா தர மாட்டாக." பிறகு, "பொய்யெல்லோ சந்தனம்... சரி, நீ சொன்னாச் சரி" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

பூசையில் நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை. இவர் கேட்டார். தலைவலி என்றேன். அதுவும் பொய்.

ஜூலை 9, புதன்

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

1990இல் மன்னாரிலிருந்து வந்தோம். அக்காவுக்குப் பதினாறு, எனக்குப் பன்னிரண்டு. படகில் அலை அடிக்கும்போதெல்லாம் என் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொண்டாள். எட்டு வருஷம் மண்டபம் அகதி முகாம். பிறகு இவர் என்னைக் கட்டிக்கொண்டார். பிறந்த ஊர் தங்கச்சிமடம் என்று சொல்லி வாக்காளர் அட்டை எடுத்துக் கொடுத்தார். வாய் தவறி 'ஓம்' என்று சொல்லிவிட்டால், "ஆமான்னு சொல்லு புள்ள" என்பார். அக்கா 2004இல் திரும்பிப் போனாள். நான் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன். ஊருக்கெல்லாம் தெரியும். தாளுக்குத்தான் தெரியாது.

வந்தாள் என்று எழுதினால், யாரோடு வந்தாள் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்துதான் இல்லை என்றேன். அவளுக்காக என்று அவளிடமே சொன்னேனே. என்ன பிறவி நான்?

ஜூலை 14, திங்கள்

உறவுக்குச் சான்று கேட்கிறார்களாம். எனக்கும் அக்காவுக்கும் உறவு காட்டுகிற தாள் எதுவும் என்னிடம் இல்லை. கல்யாணத்துக்காகக் கோவிலில் வாங்கிய ஜெப்சியின் ஞானஸ்நான சர்டிபிகேட் இருந்தது. 'ஞானத்தாய்: ஹெலன்' என்று தெளிவாக இருக்கிறது. இதைவிட என்ன சான்று? பத்திரிகை, அழைப்புக் கடிதம், சர்டிபிகேட் எல்லாவற்றையும் வரிசையாகப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு தாள்கூட விடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

விசா இல்லை.

விசா ஆபீசில் இருந்த அதிகாரியம்மா சர்டிபிகேட்டைத் திருப்பிக் காட்டிக் கேட்டாராம். "2001இல தங்கச்சிமடம் கோயில்ல பிள்ளையை ஏந்தி நிண்ட ஹெலன் ஆர்?" ஒரு தாளில் வந்ததே இல்லை. அடுத்த தாளில் இந்த ஊர்க் கோவிலில் ஞானத்தாய். இரண்டையும் அடுக்கி அனுப்பியவள் நான்.

"ஆர் எழுதினதெண்டு கேட்டவை. நான்தான் அப்பிடிப் போடச் சொன்னனான் எண்டு சொல்லிப்போட்டன். உன்ர பேரை ஏன் இழுப்பான்?"

ஐயோ, அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூசையில் ஜெப்சிக்கும் மாப்பிள்ளை ஆன்டோவுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் சொன்னபோது எனக்குத்தான் வியர்த்தது.

ஆகஸ்ட் 23, சனி

அந்தப் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். நான் எழுந்திருக்கும்போது, "பாவத்தை ஆண்டவர் மன்னிச்சிட்டாரும்மா. ஆனா அந்த ஃபாரத்துல இன்னும் இல்லைன்னுதானே இருக்கு?" என்றார்.

இவரிடம் சொன்னேன், உள்ளதை எழுதி மறுபடி போடலாம் என்று. வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நீ ஸ்டேஷன்ல உக்காந்திருக்கப் போறியா?"

நானும் விட்டுவிட்டேன். அவர் தடுத்தார் என்று இங்கே எழுதலாம். அவர் தடுத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் சரி.

செப்டம்பர் 10, புதன்

கல்யாணம் நல்லபடி முடிந்தது. முக்காடு நான்தான் போட்டேன். ஜெப்சியின் தோழி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அக்கா. புதுச்சேலை, தலை நிறையப் பூ. அங்கே தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அலங்காரம். "எடி சந்தனம், வலப்பக்கம் வழுக்குது, இன்னொரு பின் குத்து" என்றாள். குத்தினேன். ஜெப்சிக்கு வலித்துவிட்டது.

செப்டம்பர் 11, வியாழன்

வீடு கழுவினேன். வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 4, சனி

தனியாக அஃபீஃபாவிடம் போனேன். புது விண்ணப்பம். அதே கேள்வி.

"வந்திருக்கா. தொண்ணூறுல இருந்து ரெண்டாயிரத்து நாலு வரைக்கும். மண்டபம் முகாம்." பிறகு அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: அவரோடு அதே படகில் வந்த தங்கை நான். போன தடவை இல்லை என்று எழுதியதும் நானே.

அஃபீஃபா கையை எடுத்துக்கொண்டாள். "அக்கா, அண்ணனுக்குத் தெரியுமா?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்லணும். நீ அடி."

அக்டோபர் 7, செவ்வாய்

இவர் மூன்று நாளாகப் பேசவில்லை. இன்று கடலுக்குப் போகுமுன் பரணில் ஏறி ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் முன்னால் வைத்தார். என்னுடைய முகாம் அட்டை. கல்யாணமான புதிதில், எரித்துவிட்டேன் என்று இவர் சொன்ன அட்டை.

"கேட்டா காட்டு" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 19, 2026, திங்கள்

அக்கா வந்து நான்கு நாள் ஆகிறது. முப்பது நாள் விசா. வந்த அன்றே என்னைச் சமையல் கட்டிலிருந்து விரட்டிவிட்டாள்.

இன்று விசாரணைக்கு ராமநாதபுரத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். என் ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார். எப்போது திரும்ப வரும் என்று அவருக்கே தெரியவில்லை. வருமா என்றும் தெரியவில்லை. அந்தத் தாளை ஃபைலில் வைத்துவிட்டேன்.

கிளம்பும்போது கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே படகுலயாம்மா வந்தீங்க?"

"ஓம்" என்றேன்.

உள்ளே அக்கா மீன் செதில் உரசும் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டது.