ரொட்டி யாருக்கு?

இன்று காலை எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் ரொட்டிக் கடையிலிருந்து மாவு வேகிற வாசனை வந்தது. ஜுரம், சளி எதுவும் இல்லாத ஆட்கள் கூட்டமாக நின்று பன்னும் கேக்கும் தின்றுகொண்டிருந்தார்கள். நீ இருந்தால் சிரித்திருப்பாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நம் காலத்தில் ரொட்டி நோயாளியின் சாப்பாடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால், வீட்டில் யாருக்கு உடம்பு என்று நாலு பேர் விசாரிப்பார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. விழுப்புரம் ரயில் ஷெட்டில் நாம் இருவரும் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். உன் இருமலில் ரத்தம் வந்தது. சயரோகம் என்று சொன்ன டாக்டர், பாலும் ரொட்டியும் சாப்பிடச் சொன்னார். உன் சம்பளத்தை நம்பிக் கண்டாச்சிபுரத்தில் அம்மாவும் தங்கைகளும் இருந்தார்கள். "தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவானுங்கடா" என்றாய்.

அதனால் விழுப்புரத்தில் வாங்காமல், வண்டியேறித் திண்டிவனம் போய், ஸ்டேஷன் பக்கத்துச் சின்னக் கடையில் வாங்கி வருவேன். சில நாள் நீயும் வந்து வெளியே நிற்பாய்.

"யாருக்கு தம்பி ஒடம்பு? அடிக்கடி வாங்கிக்கினு போறீங்களே" என்று கேட்டார் கடைக்கார பாய்.

பதிலை யோசித்து வைக்காத மடையன் நான். "எனக்குத்தான் பாய்" என்று சொல்லிவிட்டேன். அவர் பரிதாபப்பட்டு ஒரு பன்னை இனாமாக வைத்தார். திரும்பும் வண்டியில் நீ அதைப் பிய்த்துத் தின்றபடி, "நோயாளி, நீ கொஞ்சமா துன்னுடா" என்று கேலி செய்தாய்.

எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்ததும் அதே ஊரில்தான். பெண்ணின் மாமா அந்தக் கடைக்கு வந்து போகிறவர் என்பது நமக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்குச் சயமாம் என்று தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் நான் பேசாமல் இருந்தேன். நீயோ என்னிடம் சொல்லாமல் திண்டிவனம் போய், அந்த மாமாவைக் கடைக்கே அழைத்து வந்தாயாம். "அவன் வாங்கின ரொட்டியெல்லாம் எனக்குங்க. சயம் எனக்குத்தான். அவன் நல்லாத்தான் இருக்கான்" என்று நீ சொன்னதைப் பிறகு பாய்தான் எனக்குச் சொன்னார்.

சேதி ஷெட்டுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

"நான் எப்படியும் போறவன்டா. நீ ஏன் இந்தப் பேஜாருல மாட்டிக்கினு நிக்கணும்?" என்றாய்.

அதே பெண்ணோடு நடந்த என் கல்யாணத்துக்கு வந்தாய். பந்தலுக்குள் வராமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே நின்றாய். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போடா என்று மாலையும் கழுத்துமாக ஓடி வந்து உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுடா, பொண்ணு வூட்டுக்காரங்க பாக்கறாங்க" என்று உதறினாய்.

கரி அள்ளிய கை அது. அதில் பலமே இல்லை. நானாகப் பிடியை விட்டால்தான் உன்னால் போக முடியும் என்று தெரிந்தது. விட்டேன். மழைக்காலம் முடியும் முன்பே நீ போய்விட்டாய். எனக்குப் பெண்டாட்டி, பிள்ளைகள் என்று எல்லாம் இருக்கிறது. என் வலது கை மட்டும் அந்த இலேசான உதறலை இன்னும் மறக்கவில்லை.