இன்றைக்கும் சும்மாதான் திரும்பி வந்தோம்

அத்தை, முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்லியிருப்பீர்கள். இப்போது அந்த வேலை என்னுடையது.

என் மகளின் மகன் ஓசூரில் வண்டிச் சாமான் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் கையெழுத்துப் போடாமல் ஒரு சாமான் வெளியே போகாது. அவன் தங்கை நர்சிங் முடித்துப் புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உங்கள் பேரனின் மகன், நம் வீட்டுக் கடைக்குட்டி, பள்ளிக்கூடத்துக்காகக் கோ-கோ ஆடி மாவட்டக் கோப்பை வாங்கினான். கோப்பை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, முழங்கால் காயம் வீட்டில் இருக்கிறது. அவன் அக்கா சௌமியாவுக்கு பாங்கில் உத்தியோகம். மூன்று ஆம்பிளைகள் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். அதில் ஒருவருக்கு என் வயதில் முக்கால்வாசி இருக்கும்.

அந்தச் சௌமியாவுக்கு இப்போது ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. பிரசவத்துக்காகச் சிதம்பரத்தில் என் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நானும் அங்கேதான் இருக்கிறேன். அவள் காரணமாகத்தான் உங்களுக்கு இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்படியிலிருந்து சீரகம் வறுபடும் வாசனை வந்தது. என் மருமகள் கலா, சௌமியாவின் அம்மா, சீரகத்தைக் கருக்கி, தண்ணீர் ஊற்றி, பனைவெல்லம் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தாள். நிறைமாதக்காரி உள்ள வீட்டில் அந்த வாசனை எதற்கென்று எனக்குத் தெரியாதா? வந்திருப்பது சூட்டு வலியா பிள்ளை வலியா என்று பார்ப்பதற்கு. குடித்து வலி அடங்கினால் சூடு, அடங்காவிட்டால் பிள்ளை. அதை மோந்ததும் அன்றைக்கு நாம் இருந்த முதுநகர் வீட்டு அம்மியும், அதன் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிற நீங்களும் என் முன்னால் வந்துவிட்டீர்கள்.

நீங்கள் நல்ல மாமியார் என்று நான் எழுத மாட்டேன். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றிப் பொய் சொன்னால் அவர்களுக்கு மரியாதையில்லை. குழம்பில் உப்புக் கூடினால் கூடிவிட்டது என்று சொல்ல மாட்டீர்கள். "கடல் பக்கத்துலதான இருக்குது, அதையும் சேத்து ஊத்திட்டியா?" என்பீர்கள். உங்களோடு ஒரே வீட்டில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். அதில் பாதி நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் நான் முதல் பிள்ளையைச் சுமந்த அந்தக் கடைசி மாதம் மட்டும் வேறே கணக்கு.

நியாயப்படி நான் என் தாய்வீட்டில் இருந்திருக்க வேண்டும். வளையல் போட்டு அனுப்ப நாள் குறித்திருந்தது. அந்த ஐப்பசியில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்து குமராட்சிப் பக்கம் ரோடே தெரியாமல் போய்விட்டது. என் அம்மாவால் வர முடியவில்லை, என்னாலும் போக முடியவில்லை. உங்கள் மகன் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டிக்கு மூட்டை ஏற்றப் போய்விடுவார். வீட்டில் நீங்களும் நானும் என் வயிறும்தான்.

எனக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. உங்கள் மகனின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒருக்களித்துப் படுத்தால் மறுபக்கம் திரும்ப ஜன்னல் கம்பியைப் பிடிக்க வேண்டும். சாப்பிட்ட சோறு நெஞ்சிலேயே நின்று எரியும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வரும். காய்ந்த துணி மழையில் நனைந்துவிட்டது என்று ஒரு நாள் அழுதேன். நீங்கள் துணியை எடுத்துக்கொண்டு வந்து, "நீ நடந்து வந்தா தேரு வர்றாப்ல இருக்குடி, சக்கரத்துக்கு முன்னால கட்டை போட ஆள் வைக்கணும்" என்றீர்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, மூத்திரமும் கொஞ்சம் வந்துவிட்டது. "போச்சுடா, இதையும் நான்தான் அலசணுமா?" என்று கேட்டுக்கொண்டே நீங்கள்தான் அலசினீர்கள்.

முதல் தடவை வலி வந்தபோது கஷாயம் கொடுத்தீர்கள். அடங்கவில்லை. ரிக்‌ஷா வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். போய்ப் படுத்ததும் வலி ஓடிவிட்டது. நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சூட்டு வலிம்மா, இன்னும் நாளாகும்" என்று அனுப்பிவிட்டார். நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. இரண்டாம் தடவை ரிக்‌ஷாவில் வந்து இறங்கும்போது குழாயடியில் நின்ற பெண்கள் பார்த்தார்கள்.

"என்னாக்கா, சினிமாவுக்கு டிக்கெட் கெடைக்கலியா? போன வேகத்துல வந்துட்டீங்க!"

எனக்குத் தலை நிமிரவில்லை. வலியில் கூட நான் அப்படிக் கூனிப்போனதில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன்: இனிமேல் தலை வெளியே தெரிகிற வரைக்கும் வாய் திறப்பதில்லை.

மூன்றாம் தடவை அதனால்தான் மறைத்தேன். காலையிலிருந்து அடிவயிறு கல்லாகிக் கல்லாகி விடுகிறது. அது போதாதென்று, எப்போதும் விலாவில் உதைக்கிற பிள்ளை அன்றைக்கு அசையவேயில்லை. அதையும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து நின்றீர்கள்.

"என்னாடி, குழவி ஓடல, கை மட்டும் புடிச்சிகினு இருக்குது?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"வலிக்குதா?"

"சூடுதான். அடங்கிடும்."

"புள்ள ஒதைக்குதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் என் முகவாயைப் பிடித்துத் தூக்கினீர்கள்.

"சிரிப்பாங்க அத்தை," என்றேன்.

நீங்கள் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மிளகாய்க் கையை நீங்களே கழுவிவிட்டீர்கள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையில் இறங்கினீர்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ரிக்‌ஷாவைச் சுற்றி ஷீட் கட்டியிருந்தார்கள். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் முன்னால் இருந்த ரிக்‌ஷாக்காரருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. என் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னீர்கள்.

உங்கள் மகனுக்கு முன்னால் உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது. மருத்துவச்சியை இரண்டு தடவை கூப்பிட்டு அனுப்பினீர்கள். இரண்டு தடவையும் வந்து பார்த்துவிட்டு, வெறும் சூட்டுக்கு ஆளனுப்புகிறாயே என்று ஏசிவிட்டுப் போனாள். வீட்டிலும் சிரித்தார்கள். மூன்றாம் தடவை வலி வந்தபோது நீங்கள் யாரையும் கூப்பிடவில்லை.

"வெக்கப்பட்டுகினு படுத்திருந்தேன்டி. நான் வெக்கப்பட்டேன், அதுக்கு என்னா தெரியும்? பொம்பளப் புள்ள. மூச்சு இல்ல. தலைநெறைய முடி. எனக்குக் கூடக் காட்டாம துணியில சுத்தி எடுத்துகினு போனாங்க. முடியை மட்டும் பாத்தேன். பேருகூட வெக்கல."

வண்டி போய் முடிந்து கேட்டைத் தூக்கினார்கள். நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யோவ், மிதிய்யா!" என்று ரிக்‌ஷாக்காரரை அதட்டினீர்கள். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொல்லவுமில்லை. சொல்லக் கூடாது என்று நானே எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா குழல் மாதிரி ஒன்றை என் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். அந்தக் கொஞ்ச நேரம் நீங்கள் என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு கண்ணாடி வளையல் உடைந்தது. "நல்லா துடிக்குது, தூங்கியிருக்கும்" என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் உள்ளே இருந்தவன் ஓர் உதை விட்டான். மறுநாள் வரை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தெருவில் ரிக்‌ஷா நின்றது. குழாயடியில் அதே பெண்கள். அவர்கள் வாய் திறக்க நீங்கள் விடவில்லை. நடுத்தெருவில் இறங்கி நின்று சொன்னீர்கள்:

"இன்னைக்கும் சும்மாதான் வந்தோம். நாளைக்கும் போவோம், அதுக்கு மறுநாளும் போவோம். சிரிக்கறவ எல்லாம் இப்பவே சிரிச்சி முடிச்சிடுங்க, அப்பறம் எனக்கு நேரமில்ல!"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஆறாம் நாள் நான்காம் தடவை போனோம். உங்கள் பேரன் பிறந்தான். சௌமியாவின் அப்பன்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சௌமியாவும் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சும்மா திரும்பியிருந்தாள். இந்தக் காலத்தில் குழாயடி போனுக்குள் வந்துவிட்டது. அவள் மாமியார் கலாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்கு வலி தாங்கற சக்தியே இல்லையா? நாங்கல்லாம் பெத்துக்கலியா?" என்று கேட்டிருக்கிறார். கலாவுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் மூன்றாம் தடவை கிளம்பும் முன்னால் கஷாயத்தை நம்பினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவளுக்கு எந்தப் பக்கமிருந்தும் பேச்சு வரும்.

கஷாயத்தைக் குடிக்கச் சௌமியாவைக் காணோம். குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. "டேங்கு காலியாவுது, என்னாடி பண்ற?" என்று கலா கத்தினாள். எனக்குப் புரிந்துவிட்டது. முனகல் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள். நான் கடித்தது புடவைத் தலைப்பு. இவளுக்குத் தண்ணீர்க் குழாய்.

கதவைத் தட்டினேன். திறந்தாள். முகம் ஊதி, கண் ஊதி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே மூன்று பேர் வேலை பார்க்கிற ஆபீசர்.

"புள்ள அசையுதா?"

"கம்மியா இருக்குது ஆயா. எனக்குத் தெரியல. மறுபடி போயி மறுபடி திரும்பி வர என்னால முடியாது. எது வலின்னே தெரியாதவ என்னா அம்மா ஆவப்போறேன்?"

"எனக்கும் தெரியாது. ரெண்டு பெத்த பெறகும் எனக்குத் தெரியாது," என்றேன். பிறகு சொல்லிவிட்டேன் அத்தை. கேட்டில் நீங்கள் சொன்னது அவ்வளவையும், குளியலறை வாசலில் நின்று, என் மருமகள் கேட்க, உங்கள் கொள்ளுப்பேத்தியிடம் சொல்லிவிட்டேன். "உன் தாத்தாவுக்கு ஒரு அக்கா இருந்தாடி. வெக்கம்தான் அவளக் கொன்னுது."

உங்கள் ரகசியத்தை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்பேன் என்று பார்க்காதீர்கள். கேட்க மாட்டேன். அதை என்னோடு சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் யாருக்கு என்ன பிரயோசனம்? அங்கே வந்து நீங்கள் சண்டை போட்டால் போட்டுக்கொள்ளலாம். நமக்குப் புதிதா?

கலா அடுப்பை அணைத்தாள். கஷாயத்தைத் தொட்டியில் ஊற்றினாள். "இருங்க அத்தை, ஆட்டோ கூப்பிடறேன். நானும் வரேன்," என்றாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றிப் பெல்ட் கட்டினார்கள். குதிரை ஓடுகிற மாதிரி நெஞ்சுத் துடிப்பு அறை முழுவதும் கேட்டது. கலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் சின்னப் பெண், சௌமியா வயதுதான் இருக்கும். "கொழந்த நல்லா இருக்கு. அசைவு கொறஞ்சா நீங்க வந்துதான் ஆகணும். எத்தன தடவ வந்தாலும் நான் திட்ட மாட்டேன்," என்றார். எழுந்து நின்று கும்பிட்டேன். சாயந்திரம் வரை பார்த்துவிட்டு, இன்னும் நாளிருக்கிறது என்று அனுப்பினார்.

ஆட்டோவில் வரும்போதே சம்பந்தியம்மாவின் போன். கலா தயங்கினாள். நான் வாங்கினேன்.

"ஆமாங்க, சும்மாதான் வர்றோம். புள்ளையும் தாயும் சௌக்கியம். அடுத்த தடவ நீங்களும் வாங்க, ஆட்டோவுல எடம் இருக்குது."

 "வரேங்க," என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. அவருக்கும் ஏதாவது ஒரு கேட் மூடியிருந்திருக்குமோ என்னவோ, யார் கண்டது?

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் பிறக்கவில்லை. பையில் துணி, பேப்பர், பிளாஸ்க் எல்லாம் தயார். சௌமியா நான்கு தலையணை நடுவில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் வலி வந்தால் வாய்விட்டுக் கத்துகிறாள். மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். உங்களிடமிருந்து எனக்கு நகை வரவில்லை, நிலம் வரவில்லை. நடுத்தெருவில் நிற்கிற காலும் அந்த வாயும் வந்திருக்கிறது. கொஞ்சம் லேட்டாக வந்தது, அவ்வளவுதான்.

இதை எழுதி முடித்ததும் சௌமியா செல்லில் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போடப் போகிறாள். ஓசூர், புதுச்சேரி எல்லாரும் படிப்பார்கள். ஆகையால் கடைசியில் அவளுக்கு ஒரு வார்த்தை.

ஏ சௌமியா, குரூப்பில் இன்னும் உன் கல்யாணத்துப் படத்தையே வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிடு. நாளைக்குக் காலை வெளிச்சத்தில் வாசலில் பக்கவாட்டில் நின்று ஒரு புதுப் படம் எடுத்துப் போடு. நிறைவயிற்றைப் படம் எடுத்தால் ஆகாது என்பார்கள். உன் அம்மாவே சொல்வாள். சொல்லட்டும். வீங்கின காலை மறைக்காதே, புடவையை இழுத்து மூடாதே, வயிறு முழுசாகத் தெரியட்டும். யாருமே பார்க்காமல் இந்த வீட்டிலிருந்து ஒருத்தி போனது போதும். இதை எல்லாரும் பார்க்கட்டும். போடு.