சந்தானம் நடந்துபோன பக்கம்

ஜூன் 11, 2025 – புதன், ஃப்ரீமான்ட்

சந்தானம் ஜீப்புக்குப் புது டயர் மாட்டிவிட்டார். நாளை மறுநாள் நெவாடா. தார் ரோடு முடிந்து அரைநாள் மண்பாதையில் போனால் பழைய எரிமலைகளும் உறைந்த லாவாவும்தானாம். "அங்க சிக்னலே கிடையாதாமே?" என்றேன். "அதுக்குத்தானே போறோம் ஹம்சா! ஆஃபீஸ்லேர்ந்து ஒருத்தனும் கூப்பிட முடியாது" என்று சிரித்தார்.

ஜூன் 14, சனி

ஜீப்புக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். லாவாப் பாறையில் ஏறி இறங்கும்போது அடியில் ஏதோ ஒடிந்தது. முன்சக்கரம் சாய்ந்து கிடக்கிறது. எங்கே பார்த்தாலும் கறுப்புக் கல். தண்ணீர் இருக்கிறது. ஆனால் சந்தானம் நடந்துபோய் ஆள் கூட்டி வருகிறாராம். வண்டியை விட்டுப் போகக் கூடாது என்று சொன்னேன், கத்தினேன், அழுதேன். "தீக்ஷாவப் பாத்துக்கோ. சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்."

போய்விட்டார். குழந்தையை விட்டுவிட்டு நான் பின்னால் ஓடவா?

ஜூன் 15, ஞாயிறு

வரவில்லை.

ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தேன். காதில் விழுந்தால் திரும்புவாரே. பாட்டரி இறங்கிவிட்டது. வண்டி நிழலில் படுத்திருந்த தீக்ஷா, "அம்மா, டுடே இஸ் ஃபாதர்ஸ் டே" என்றாள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 16, திங்கள்

அந்தப் பக்கம் வந்த ரேஞ்சர் எங்களைப் பார்த்து மீட்டுவிட்டார். சந்தானத்தை ஹெலிகாப்டரில் தேடுகிறார்கள். எந்தப் பக்கம் போனார் என்று கேட்டார்கள். கையைக் காட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. நானும் தேட வருகிறேன் என்றதற்கு, அப்புறம் உங்களையும் தேட வேண்டியிருக்கும் என்றார்கள். மோட்டல் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எதற்கு உட்கார்ந்திருக்கிறேன்? பெருமாளே, என்னதான் பண்றது நான்?

ஜூன் 17, செவ்வாய்

கிடைத்துவிட்டார். உயிர் இருக்கிறது. ஒரு பாறை இடுக்கில் நினைவில்லாமல் கிடந்தாராம். வெயில் சூடு மூளையைப் பாதித்திருக்கிறது. எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை திருப்பிப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன், ஃப்ரீமான்ட்

தீக்ஷாவை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து அவருக்குச் சட்டை போட்டுவிட்டேன். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். சில நாள் என்னைத் தெரிகிறது, சில நாள் இல்லை. இன்று ரசம் சாதம் ஊட்டினேன். முழுக்கச் சாப்பிட்டார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, மரியாதையாகக் கேட்டார்:

"நீங்க சாப்பிட்டேளா?"

ஆச்சு என்றேன்.