நாங்கள் என்றால் யார்?

விண்டர்மியர்
2 ஜூன் 2025

அன்பு ரமாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தாயிற்று. நீரும் ஷிப்ட், வீடு என்று ஓடித் திரியாமல் நேரத்துக்குச் சாப்பிடும். இங்கே போனில் கதைக்க ஏலாது, சிக்னல் வந்து வந்து போகுது. அதுதான் இந்தக் கடிதம்.

எங்கள் பழைய கரவன், அந்தச் சில்லு வைத்த வீடு, என் மானத்தைக் காப்பாற்றிவிட்டது. அங்கே லண்டனில், மிச்சம் வீட்டு முன்னால் மூன்று வருஷம் நின்று அயலாரின் ஏச்சை வாங்கிய பெட்டி, இப்போது காருக்குப் பின்னால் ஏரிக்கரை வீதியில் பவனி வருகிறது. அறுபதுகளில் செய்தது என்றால் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. நீர் தைத்த மஞ்சள் திரைச்சீலையை ஒரு வெள்ளைக்கார மனுஷி படம் எடுத்தா. வீதி சரியான ஒடுக்கம். ஒரு பக்கம் கல்மதில், மற்றப் பக்கம் தண்ணீர். நேற்றுப் பின்னேரம் நாங்கள் கரையில் நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம்.

போனுக்கு ஒரு படம் அனுப்பினேன். கிடைத்ததா?

அன்புடன்,
தயாபரன்


மிச்சம்
5 ஜூன்

என்னங்க,

படமும் கிடைத்தது, கடிதமும் கிடைத்தது. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஏரி அழகாக இருக்கிறது. அதற்கு முன்னால் காரின் இடப்பக்கக் கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த படம். ஸ்டியரிங் வலப்பக்கம்தானே? அப்படியானால் ஓட்டியது யார்? லைசென்ஸ் இருந்தும் பதினெட்டு வருஷமாக எனக்கே சாவி தராத மனுஷன் நீங்கள்.

அடுத்தது அந்த "நாங்கள்". கல்யாணமான புதிதில் "நாங்கள் கோயிலுக்குப் போவம்" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றீர்கள். எங்கள் திருச்சியில் "நாங்க" என்றால் கேட்கிற ஆளை விட்டுவிட்டு. சேர்த்துக்கொண்டால் "நாம". யாரோடோ போகிறீர்கள் என்று நான் உள்ளே உட்கார்ந்து அழுதேன். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்குள் நீரும் அடக்கம் என்று சிரித்தீர்கள். இந்தத் தேத்தண்ணியில் நான் அடக்கமில்லை. யார் அது?

முதல் பயணம் என்னோடுதான் என்றீர்கள். நான் ஷிப்டுக்குப் போன பிறகு, சோதனை ஓட்டம் என்று தனியாகக் கிளம்பியதே எனக்கு உறுத்தியது.

ரமா


விண்டர்மியர்
8 ஜூன்

அன்பு ரமா,

உம்மோடு வாழ்வது பொலிஸ்காரனோடு வாழ்கிற மாதிரித்தான். சரி, சொல்கிறேன். எனக்கு முழங்கால் நோகுது. அதனால் மேரிசாந்தியை வந்து ஓட்டச் சொன்னேன். அடுத்த தெருவில் இருக்கிற, பஸ் ஓட்டுகிற பிள்ளை. நீளமான வண்டி அவவுக்குப் பழக்கம். அவ தனியாக விடுதியில்தான் தங்குகிறா. முதலே சொன்னால் நீர் கண்டபடி யோசிப்பீர் என்று விட்டேன். வேறொன்றும் இல்லை.

தயாபரன்


மிச்சம்
10 ஜூன்

என்னங்க,

முழங்காலா? கிளம்புவதற்கு முந்தைய நாள் கரவனுக்கு அடியில் மண்டிபோட்டு கிரீஸ் தடவின முழங்காலா?

மேரிசாந்தி வீட்டுக்குப் போனேன். சண்டைக்கென்றே போனேன், ஒளிக்கவில்லை. அவள் கணவர் கோபப்படாமல் டீ போட்டுக் கொடுத்தார். "அண்ணையிட்டையே கேளுங்கோ அக்கா, நான் சொல்லக்கூடாது" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. என்னை விட்டுவிட்டுப் போவதென்றால் அதை நேராகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் வரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. அச்சடித்த மாதிரி எழுதுகிற ஆள் நீங்கள். கை நடுங்குகிற அளவுக்கு எதை மறைக்கிறீர்கள்?

ரமா


விண்டர்மியர்
13 ஜூன்

ரமா,

கை நடுங்கவில்லை. கண் தெரியவில்லை.

வலது கண்ணின் நடுவில் ஒரு கறுப்பு. மாசியில் தொடங்கியது. இப்போது இடது கண்ணிலும். இனிக் கார் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மேரிசாந்திதான் கண்டுபிடித்தா. அவவின் பஸ்ஸில் ஏறி, ஆள் ஆரென்று தெரியாமல் அவவிடமே இது எந்த பஸ் என்று கேட்டேன். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அவவிடமும் அவவின் மனுஷனிடமும் சத்தியம் வாங்கினேன்.

உம்மைப் பக்கத்தில் இருத்தி இந்தக் கரையால் நான்தான் ஓட்டுவேன் என்று எவ்வளவு பெருமை அடித்தேன். உமக்கென்று சொன்ன சீட்டில் நான் குந்தியிருப்பதை நீர் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். வெட்கம். உம்முடைய கடிதங்களைப் பூதக்கண்ணாடி பிடித்துத்தான் வாசிக்கிறேன். ஏரியை நேரே பார்த்தால் தெரியவில்லை. கொஞ்சம் திரும்பி, ஓரக்கண்ணால் பார்த்தால் தெரிகிறது.

அடுத்த கிழமை திரும்புகிறோம். கரவனை விற்றுவிடுவோம்.

தயா


மிச்சம்
16 ஜூன்

அன்புள்ள தயாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன், வேறு பொம்பளை இல்லை என்று. அப்புறம்தான் அழுகை வந்தது. அதை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

கோபம் போகவில்லை. பஸ் ஓட்டுகிறவளுக்குத் தெரிந்தது, கட்டினவளுக்குத் தெரியக்கூடாதா? மிச்சத்தை நேரில் வந்து திட்டுகிறேன். திரும்ப வேண்டாம், விற்கவும் வேண்டாம். லீவு போட்டாயிற்று. வியாழக்கிழமை யூஸ்டனில் ரயில் ஏறுகிறேன். சாவியை மேரிசாந்தி என் கையில் கொடுக்கட்டும். கரவனை இழுத்துக்கொண்டு வளைவில் எப்படித் திருப்புவது என்று அவளே சொல்லித் தரட்டும். கல்மதிலில் உரசினால் நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. இடப்பக்கம் உட்கார்ந்து ஓரக்கண்ணால் ஏரியைப் பாருங்கள், போதும்.

இதை நீங்களே படிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். கடைசி வரி மட்டும் உங்கள் ஊர்ப் பேச்சில்.

நாங்கள் போவம்.

ரமா